நெற்றி வரை

தன் அண்ணனின் நெற்றி எப்படி இருக்கும் என்று தணிகாசலம் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அண்ணனின் மூக்கு தெரியும். சிரிக்கும்போது ஒரு பக்கமாக ஏறும் வாய் தெரியும். மேல் உதட்டுத் தழும்பு தெரியும். நெற்றியை யார் பார்க்கிறார்கள்? அது முடிக்கும் புருவத்துக்கும் நடுவே சும்மா கிடக்கிற இடம்.

ஆனால் அடையாறு காந்தி நகரில், வாரியத்தின் தரைத்தளத்தில், கணினித் திரையில் வந்து நின்றது ஒரு நெற்றி மட்டும்தான்.

"இருங்க, இன்னும் வரும்," என்றாள் திரைக்கு முன்னால் இருந்த மஹதி. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். நம்பிக்கை முழுதாகப் போயிருக்கவில்லை.

படம் மேலிருந்து கீழாக வந்துகொண்டிருந்தது. சுருட்டி வைத்த பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பதுபோல முதலில் முடி, பிறகு நெற்றி, பிறகு புருவத்தின் மேல் நுனி. அங்கே நின்றது. திரையில் ஒரு சின்ன மணல் கடிகாரம் புரண்டு புரண்டு படுத்தது. கடைசியில் 'தொடர்பு நேரம் முடிந்தது' என்று ஒரு வரி வந்தது. அந்த வரி மட்டும் எழுத்துப் பிசகாமல், முழுதாக, சட்டென்று வந்தது.

"இன்னாம்மா, நெத்தியோட நின்னுக்கினு கீது?"

"தினமும் அப்படித்தாங்க. போன வாரம் ஒரு அம்மாவுக்கு ஒரு கண்ணு வரைக்கும் வந்துச்சு. அது அவங்க அதிர்ஷ்டம்."

இது தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கதை. காணாமற்போனோர் மற்றும் அடையாளம் அறியப்படாதோர் ஒருங்கிணைப்பு வாரியம் என்பது அந்த இடத்தின் முழுப் பெயர். வாசலின் அகலம் போதாமல் பெயர்ப்பலகை மூலை திரும்பிப் பக்கத்துச் சுவரிலும் ஓடியிருந்தது. தணிகாசலம் சிந்தாதிரிப்பேட்டையில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். எழுத்தை இடத்துக்குள் அடக்குவது அவர் தொழில். அந்தப் பலகையைப் பார்த்ததுமே அவருக்கு உள்ளூர ஒரு கவலை வந்திருந்தது.

அண்ணன் ஏகாம்பரம் வடபழனியில் ஒரு கேன்டீனில் டீ மாஸ்டர். அவருக்கு வலிப்பு உண்டு. வலிப்பு வந்து போன பிறகு கொஞ்ச நேரம் தான் யார், எங்கே இருக்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோகும். கால் மட்டும் நடக்கும். வழக்கமாகத் தெரிந்தவர் யாராவது பார்த்துக் கூட்டி வந்துவிடுவார்கள். இந்தத் தடவை யாரும் கூட்டி வரவில்லை. மாத்திரை வீட்டில், ஆணியில் மாட்டிய வேறொரு சட்டையின் பையில் இருந்தது.

வாரியத்தின் வேலை நியாயமானதுதான். ஒரு பக்கம் காணாமற்போனவர்களின் விவரம். இன்னொரு பக்கம், யாரென்று தெரியாமல் இறந்து கிடந்தவர்களின் விவரமும் புகைப்படமும். கணினி இரண்டையும் ஒப்பிடும். ஒன்றும் பொருந்தாவிட்டால், காணாமற்போனவரின் படத்தோடு ஓர் அறிவிப்பு எல்லா மாவட்டங்களுக்கும் போகும். பஸ் நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒட்டுவார்கள். பொருந்தக்கூடும் என்று கணினி சொல்லிவிட்டால் அறிவிப்பு நின்றுவிடும். குடும்பத்தார் இறந்தவரின் படத்தைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லும் வரை அது நகராது.

ஏகாம்பரம் பொருந்தினார். அடையாறு முகத்துவாரத்தில் ஒதுங்கிய ஒருவர்: வயது நாற்பதுக்கு மேல், நடுத்தர உயரம், மாநிறம், கைலி. மெட்ராஸில் ஒரு டவுன் பஸ்ஸை நிறுத்தினால் இந்த விவரத்துக்குப் பாதிப் பேர் இறங்குவார்கள். உடலை அப்போதே புதைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது புகைப்படம். புகைப்படத்தில் மிச்சம் இருந்தது நெற்றி.

உதடு வந்துவிட்டால் போதும். தழும்பு இருந்தால் அது அண்ணன்தான் என்று ஆகிவிடும், அழுதுவிட்டுப் போகலாம். தழும்பு இல்லாவிட்டால் அண்ணன் எங்கோ மாத்திரை இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறார், அறிவிப்பு உடனே போயாக வேண்டும்.

"ஏம்மா, அசல் போட்டோ காயிதத்துல இல்லியா?"

"ஆல்பம் இருந்துச்சுங்க. கம்ப்யூட்டர் வந்துடுச்சேன்னு போகிக்கு வாசல்ல போட்டுக் கொளுத்திட்டாங்க. மேளமெல்லாம் அடிச்சு."

"படமெல்லாம் கீற அந்தப் பெரிய பொட்டியாண்டயே போயி பாத்துட்டா?"

"சர்வர்ல திரை இல்லைங்க. அதைக் கழட்டித் தலைவர் ரூம்ல வெச்சிருக்காங்க. அழகுக்கு. அதுல ஸ்கிரீன் சேவர் மீன் நீந்தும்."

"ஒரு பிளாப்பில போட்டுக் குடுங்களேன்."

"அந்த ஓட்டைக்கு அரக்கு சீல் வெச்சாச்சு. வைரஸ் வந்துடுமாம்."

இப்படித்தான் தணிகாசலம் மாடி ஏறினார்.

மாடியில் கணினிப் பிரிவின் இணை இயக்குநர் ராமானுஜம். மயிலாப்பூர்க்காரர். கெட்டிக்காரர். தணிகாசலம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் முகம் மலர்ந்தது. ஒரு வெள்ளைத்தாளை இழுத்து இரண்டு பெட்டிகள் வரைந்தார்.

"சொல்றேன் கேளும். இது சர்வர். எல்லாப் படமும் இதுக்குள்ள தூங்கிண்டிருக்கு. இது ஸ்விட்ச். தபாலாபீஸ்ல கடுதாசியைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடறாளே, அந்த மாதிரி. சர்வர்ட்டேர்ந்து வாங்கி அந்தந்த மேஜைக்கு அனுப்பறது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேபிள். அதுல போறதுக்கு ஒரு ஜோடிக் கம்பி, வரதுக்கு ஒரு ஜோடிக் கம்பி. புரியறதோ?"

"புரியுது சார்."

"இப்போ ரெண்டு பேர் ரெண்டு விதமாப் பேசலாம். டெலிபோன்ல ரெண்டு பேரும் ஒரே சமயத்துல பேசலாம், கேக்கலாம். போலீஸ்காரா வெச்சுண்டிருக்காளே வாக்கி டாக்கி, அதுல ஒருத்தர் பேசினா மத்தவர் வாயை மூடிண்டு காத்துண்டிருக்கணும். கேபிளைச் சொருகினதும் இந்த ரெண்டு பெட்டியும் முதல்ல ஒண்ணை ஒண்ணு விசாரிக்கும். 'என்ன வேகத்துல பேசலாம், எந்த விதமாப் பேசலாம்'னு. அதுக்குப் பேச்சுவார்த்தைன்னு பேர். நம்ம சர்வர் பேச்சுவார்த்தைக்கு வராது. உச்ச வேகம், டெலிபோன் மாதிரி ரெண்டு பக்கமும். அப்படியே கட்டிப் போட்டு வெச்சிருக்கோம். ஸ்விட்ச் கேட்டுப் பார்க்கும், பதில் வராது. பதில் வரலைன்னா அதுக்கு ஒரு விதி உண்டு. கம்பியில வர துடிப்பைப் பார்த்து வேகத்தைத் தானே தெரிஞ்சுக்கணும். பேசற விதம் தெரியாததால, அடக்கமா வாக்கி டாக்கி மாதிரி இருந்துக்கணும்."

"அப்போ ஒண்ணு டெலிபோன்னு நெனச்சிக்கினு பேசுது. இன்னொண்ணு..."

"பேஷ். இன்னொண்ணு வாக்கி டாக்கின்னு நினைச்சுண்டிருக்கு. ஸ்விட்ச் வாயைத் திறக்கறச்சே சர்வரும் பேசும். டெலிபோன்ல அது தப்பே இல்லை. ஆனா ஸ்விட்ச் என்ன பண்ணும்? 'அடடா, மோதிண்டுட்டோமே'ன்னு தான் பேசிண்டிருந்ததையும் தூக்கிப் போட்டுடும், கேட்டுண்டிருந்ததையும் தூக்கிப் போட்டுடும். கொஞ்சம் காத்துண்டிருந்து முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். மறுபடி மோதும். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைன்னா மோதறதுக்குள்ள போயிடும். படம் நீளமோன்னோ. நெத்தி தாண்டறதுக்குள்ள நேரம் முடிஞ்சுடறது. விளக்கு பச்சையாவே எரியும், யாருக்கும் சந்தேகமே வராது. ரொம்ப அழகான கோளாறு ஓய்."

தணிகாசலத்துக்கு உண்மையாகவே புரிந்தது. வாரியத்துக்கு வந்த பிறகு அவருக்கு ஒன்று புரிந்தது அதுவே முதல் தடவை. மனசு லேசாயிற்று.

"அப்போ மாத்திடுங்க சார்."

"எதை?"

"உங்க பொட்டிய பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லிடுங்க."

ராமானுஜம் பேனாவை மூடினார். "அதெப்படி?"

விஷயம் இதுதான். கருவிகளை வாங்கியபோது வாரியம் அவற்றையும் ஊழியர்களைப் போலவே தரம் பிரித்தது. ஏ.சி. அறையில் வைக்கப்படுவது 'அ' பிரிவு. மின்விசிறிக்குக் கீழே வைக்கப்படுவது 'ஆ'. ஜன்னலோரம் 'இ'. ஒன்றுமில்லாதது 'ஈ'. சர்வர் அ. ஸ்விட்ச் ஈ. அப்போதைய தலைவர் கோப்பில் ஒரே ஒரு கேள்வி எழுதினார்: 'அ பிரிவுக் கருவி ஈ பிரிவுக் கருவியோடு பேச்சுவார்த்தை நடத்துவது முறையா?' முறைதான் என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. அன்றைக்கே சர்வர் கட்டிப் போடப்பட்டது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீர்," என்றார் ராமானுஜம். "கலெக்டர் உம்ம கடைக்கு வந்து, 'நான் உம்மண்ட எப்படிப் பேசட்டும்'னு கேப்பாரா?"

"கலெக்டர் என் கடைக்கு வர மாட்டாரு சார்."

"அதேதான் நானும் சொல்றேன்."

ஸ்விட்ச் தகவல் தொடர்புப் பிரிவின் பொறுப்பு. அந்தப் பிரிவு தரைத்தளத்தின் பின்பக்கம். துணை இயக்குநர் மாணிக்கவாசகம் தெற்கே இருந்து வந்தவர், பேச்சில் இன்னும் ஊர் இருந்தது. அவரும் கெட்டிக்காரர். தணிகாசலம் உட்காருவதற்குள் டீ சொல்லிவிட்டார்.

"ராமானுஜம் சார் படம் போட்டுக் காட்டுனாகளா? எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்காக. என்ன கோளாறுன்னு இந்தக் கட்டடத்துல தெரியாத ஆளே கெடையாது தம்பி."

"உங்க பொட்டியையும் டெலிபோன் மாறி கட்டிப் போட்டுட்டா சரியாப் பூடும்ல சார்?"

"போயிரும். ஒரு நிமிஷ வேலை." மாணிக்கவாசகம் டம்ளரை ஆற்றினார். "ஆனா அதுக்கு என்ன அர்த்தம்? பெரியவுக பேசிக்கிட்டிருக்கும்போது ஈ பிரிவு குறுக்கப் பேசலாம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும்லா. போன வருஷம் கூட்டத்துல தலைவர் பேசும்போது நான் ஒரு வார்த்த இடையில சொல்லிட்டேன். மெமோ குடுத்தாக. எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட லீவு பாதிதான் கெடச்சுது. எங்க ஸ்விட்ச் கேக்குது. அவுக பதில் சொல்லல. ஒதுங்கி நிக்குது. இந்த ஆபீஸ்ல மரியாத தெரிஞ்சு நடந்துக்கிடுதது அது ஒண்ணுதான். அதையும் கெடுக்கச் சொல்லுதீயளா?"

"எங்கண்ணன் மாத்திர இல்லாம கீறாரு சார்."

"தெரியும் தம்பி. கேக்கவே வருத்தமாத்தான் இருக்கு. டீ ஆறுது, குடிங்க."

சர்வரும் ஸ்விட்சும் ஒரே அறையில்தான் இருந்தன. நடுவே ஒரு மரத்தடுப்பு. சர்வர் பக்கம் ஏ.சி., ஸ்விட்ச் பக்கம் புழுக்கம். கேபிள் தடுப்பில் போட்ட ஓட்டை வழியாகப் போயிற்று. ஒவ்வொரு நாள் காலையிலும் அங்கே கூட்டாய்வு நடக்கும். பொதுமக்கள் பிரதிநிதியாக மறுநாள் தணிகாசலத்தையும் நிற்க வைத்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

கணினிப் பிரிவு ஒரு வரிசையாகவும் தொடர்புப் பிரிவு ஒரு வரிசையாகவும் நின்றது. ராமானுஜம் தன் பக்கம் குனிந்து, "பச்சை," என்றார். மாணிக்கவாசகம் தன் பக்கம் குனிந்து, "இங்கும் பச்சை," என்றார். பிறகு சர்வரிலிருந்து 'நலம்' என்ற சொல்லை அனுப்பினார்கள். அது ஸ்விட்ச் வழியாக மஹதியின் திரைக்குக் கண் இமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அவள் 'நலமறிய அவா' என்று திருப்பி அனுப்பினாள். அதுவும் சேர்ந்தது. இரண்டு வரிசையும் கைதட்டின. 'இணைப்பு நலம்' என்று இருவரும் கையெழுத்திட்டார்கள்.

"மொகம் வர்லியே சார்," என்றார் தணிகாசலம்.

"முகம் ஆய்வின் வரம்பில் இல்லை," என்றார்கள் இரண்டு பேரும். அவர்கள் ஒரே நேரத்தில் பேசியும் மோதிக்கொள்ளாதது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அன்று சாயங்காலம் ஏகாம்பரத்தின் மனைவி தேவானை, மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நெத்தி அவருதா?"

"தெரில அண்ணி."

"கூடப் பொறந்துட்டுத் தெரிலன்றியே. தலவலின்னா நான்தான் அந்த நெத்தில தைலம் தேப்பேன். என்னைக் கூட்டிக்கினு போ. நான் சொல்றேன்."

கூட்டிப் போனார். மஹதி விதிப்படி கணவர் பெயரைச் சொல்லச் சொன்னாள். தேவானை கொழுந்தனாரைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையிலும் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியிலும் சொன்னதில்லை. யாராவது பக்கத்தில் இருப்பவர்கள்தான் சொல்வார்கள். தணிகாசலம் சொன்னார்.

நெற்றி வந்து நின்றது. தேவானை திரைக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடி மேல் கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"தண்ணில ஊறின நெத்தி," என்றாள் கடைசியில். "எல்லாம் ஒரே மாறிதான் இருக்கும் போல." பிறகு மஹதியிடம் திரும்பி, யாரிடமும் கடன் கேட்டறியாதவள் கேட்கும் குரலில் கேட்டாள். "எம்மா, கண்ணு மூக்கெல்லாம் கூட வாணாம். ஒதடு மட்டும் காட்டேன்."

மஹதி மறுபடி முயன்றாள். மணல் கடிகாரம் புரண்டது.

"வர்லைங்க."

"நெத்தியப் பாத்து என்னைத் தாலிய கயட்டச் சொல்றாங்களா?" என்று தேவானை கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தகவல் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

நெற்றியோடு நின்றுபோன குடும்பங்கள் பெருகி, தாழ்வாரத்தில் உட்கார இடம் இல்லாமல் போனபோது தலைவர் விஜயலக்ஷ்மி கூட்டம் கூட்டினார். புதிதாக வந்தவர். எதையும் சுருக்கமாக முடிப்பவர் என்று பெயர். தணிகாசலத்தைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள்.

ராமானுஜம் எழுந்து சர்வர் நலம் என்றார். மாணிக்கவாசகம், தலைவர் பேசி முடித்துவிட்டாரா என்று உறுதி செய்துகொண்டு எழுந்து, ஸ்விட்ச் நலம் என்றார். இருவரும் கூட்டாய்வுக் கையெழுத்துகளைக் காட்டினார்கள்.

தலைவர் பேசினார். "இரண்டு முனையும் நன்றாக இருக்கிறது. நடுவே இருப்பது கம்பி, அதுவும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு இணைப்பில் இல்லை. எனக்கு ஒன்று சொல்லுங்கள். படத்தின் மேல்பகுதி ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக வருகிறதா இல்லையா?"

"வருகிறது," என்றார்கள்.

"ஆக நம்முடைய இணைப்புக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. அதை மீறி நீளமாக இருப்பது முகங்கள்தான். இந்த வாரியம் தொடங்கிய நாளிலிருந்து, முகத்தின் நீளம் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் வரையறை செய்யவில்லை. ஒரு நிர்வாகி என்ற முறையில் எனக்கு அது வெட்கமாக இருக்கிறது. மக்கள் முழுமையான சேவையை எதிர்பார்க்கிறார்கள். முழுமையாக வராத முகத்தைவிட முழுமையாக வருகிற நெற்றி மேலானது. எல்லாப் படங்களையும் வருகிற அளவுக்கு வெட்டிவிடுங்கள்."

கைதட்டல் எழுந்தது. ராமானுஜம், "இது நமக்குத் தோணலையே," என்று பக்கத்திலிருந்த மாணிக்கவாசகத்திடம் சொல்ல, அவர், "அதான் அவுக அங்க இருக்காக," என்றார். அதற்கு முன் இரண்டு பிரிவுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

தணிகாசலம் எழுந்தார். "யம்மா, கீழ் பாதிய எங்கயாவது எடுத்து வெச்சிடுங்கம்மா. தூக்கிப் போட்டுடாதீங்க."

"இடத்தை ஏன் அடைக்க வேண்டும்?" என்றார் தலைவர் கனிவாக.

வெட்டும் வேலை அன்றைக்கே முடிந்தது. வாரிய வரலாற்றில் இவ்வளவு வேகமாக எதுவும் முடிந்ததில்லை. காரணமும் எளியது. வெட்டுவது சர்வருக்குள்ளேயே நடக்கிற காரியம். அதற்குக் கம்பியும் வேண்டாம், ஸ்விட்சும் வேண்டாம், யாரோடும் பேச்சுவார்த்தையும் வேண்டாம்.

மறுநாள் அந்த நெற்றி திரையில் வந்தது. புருவத்தின் மேல் நுனியில் முடிந்தது. மணல் கடிகாரம் புரளவில்லை. 'படம் முழுமையாகப் பெறப்பட்டது' என்று வரி வந்தது. ராமானுஜமும் மாணிக்கவாசகமும் பின்னால் நின்று பார்த்தார்கள்.

"முழுசா வந்துடுச்சுங்க," என்றாள் மஹதி. சொல்லிவிட்டு விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாவா, இல்லையா? நீங்க சொல்லணும்."

ஆமாம் என்றால் அண்ணன் செத்தார், தேடல் முடிந்தது. இல்லை என்றால் அறிவிப்பு போகும். அந்த முகத்துவாரத்து மனிதர் யாராக இருந்தாலும், அவருடைய உதடு இனி உலகத்தில் எங்கேயும் இல்லை. மண்ணுக்குள் இருந்தது, போய்விட்டது. சர்வருக்குள் இருந்தது, அதுவும் போய்விட்டது.

"இல்ல," என்றார் தணிகாசலம்.

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியாதும்மா. இல்லன்னு போடு."

அறிவிப்பு மாவட்டங்களுக்குப் போயிற்று. அதற்கு வேண்டிய படமும் அதே சர்வரிலிருந்துதான் வர வேண்டும். ஏகாம்பரமும் தேவானையும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படத்தில் அவர் மட்டும் இருந்த பாதி அது. அதையும் வெட்டியிருந்தார்கள். காணவில்லை என்று பெரிய எழுத்து, அதற்குக் கீழே அண்ணனின் நெற்றி, அதற்குக் கீழே 'மேற்கண்ட நெற்றியை உடையவரைக் கண்டால் வாரியத்தில் ஒப்படைக்கவும்'. பெயர் இல்லை. தழும்பு இல்லை. படம் இணைக்கப்பட்டிருப்பதால் விவரம் தேவையில்லை என்பது விதி.

தணிகாசலம் தூரிகையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வடபழனி பணிமனையிலும், பெசன்ட் நகர் கோயில் மதிலிலும், தி. நகர் பஸ் நிலையத்திலும் ஒட்டியிருந்த ஒவ்வொரு நெற்றிக்குக் கீழேயும், 'பேர் ஏகாம்பரம், மேல் உதட்டில் தழும்பு' என்று நம்பர் பிளேட் எழுத்தில் எழுதினார். நகரத்துக்குள் கை எட்டிய வரை எழுதினார். மாவட்டங்களுக்குக் கை எட்டவில்லை.

மாவட்டங்கள் கடமை உணர்ச்சி மிக்கவை. கொஞ்ச நாளில் நெற்றிகள் வரத் தொடங்கின. பஸ் நிலையத்தில் படுத்திருந்தவர்கள், கோயில் வாசலில் கையேந்தியவர்கள், பேச்சு வராதவர்கள், சும்மா டிக்கெட் வாங்க நின்றவர்கள்கூட வேனில் வந்து இறங்கினார்கள். தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள். ஒப்பிடுவதற்கு மாணிக்கவாசகம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஆள் உயர அட்டை ஒன்றை நிறுத்தி, நெற்றி அளவுக்கு ஒரு துளை. துளையில் நெற்றியை வைக்க வேண்டும். குடும்பத்தார் இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். முகம் பார்த்து முடிவு செய்தால் ஒரே சீராக இருக்காது என்று அட்டையின் ஓரத்தில் எழுதியிருந்தது.

தேவானையும் தணிகாசலமும் கூப்பிட்ட நாளில் போனார்கள். துளையில் நெற்றிகள் வந்து வந்து போயின. தேவானை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடந்து போய் அட்டையை ஒரு கையால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற ஆண்கள் எல்லாம் அவளையே பார்த்தார்கள். முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி வரை போனாள்.

கடைசியில் இருந்த கிழவர், "நான் உங்க ஆளு இல்லம்மா," என்றார். "ஆனா கூட்டிக்கினு போனா எதுனா வேலை செய்வேன்."

தேவானை அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மாணிக்கவாசகம் அட்டையை எடுத்து நிறுத்தினார். கோபிக்கவில்லை. அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்துச் சொன்னார்.

"மனச விட்டுராதீய. தெனமும் வந்துக்கிட்டுதான் இருக்காக. எல்லாரையும் ஏத்துக்கிட முடியல, அதான் சங்கடம். இன்னைக்குக்கூட, நீங்க வாரதுக்குச் சித்த முன்னாலதான், திண்டிவனத்துல இருந்து ஒருத்தரைக் கூட்டியாந்தாக. பாவம், கீழ விழுந்திருப்பாரு போல. தலையச் சுத்திப் பெரிய கட்டு. நெத்தியே தெரியல. அட்டையில வச்சுப் பாத்தோம், வெறும் துணிதான் தெரியுது. ஒப்பிட வழியில்ல, போகச் சொல்லிட்டோம்."

தணிகாசலம் அவர் கையைப் பிடித்தார். "ஒதடு பாத்தீங்களா சார்?"

"பாத்தேனே. மேல ஒரு தழும்பு. ஆனா உதடு வரம்புல இல்லையே தம்பி."

"பேர் எதுனா சொன்னாரா?"

"சொன்னாரு, ஏகாம்பரமோ என்னமோ. நாம நெத்தியத்தான பதிஞ்சிருக்கோம், பேரை வச்சு என்ன செய்ய? நல்ல மனுஷன். எந்திரிச்சுப் போகும்போது, 'சார், எல்லாருக்கும் டீ போட்டுத் தரட்டுமா'ன்னு கேட்டாரு."

தேவானை ஏற்கெனவே வாசலுக்குப் போயிருந்தாள். மாத்திரை அட்டை கையில் இருந்தது. தணிகாசலம் பின்னால் ஓடினார். வாயிற்காவலர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நைனா, தலைல கட்டுப் போட்டுக்கினு ஒருத்தர் போனாரே, எந்தப் பக்கம் போனாரு?"

"போனாரு. கேட்டைத் தொறந்து வுட்டேன்."

"எந்தப் பக்கம்னு பாத்தியா?"

"கேட்டுக்கு உள்ளாரதான் நம்ம டூட்டி," என்றார் காவலர். "வெளிய ரோடு. அது வேற ஆளுங்க."

ரோடு இரண்டு பக்கமும் போயிற்று. ஒரு பக்கம் பஸ் நிலையம், இன்னொரு பக்கம் திரு.வி.க. பாலம். தணிகாசலம் பாலத்தின் பக்கம் ஓடினார். தேவானை பஸ் நிலையத்தின் பக்கம் ஓடினாள். கொஞ்ச தூரம் ஓடியதும் நின்றாள். அவளுக்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏகாம்பரம்," என்று கூப்பிட்டாள். குரல் முதல் தடவை சரியாக வரவில்லை. இன்னொரு தடவை, கழுத்து நரம்பு புடைக்க, ரோடு முழுவதும் கேட்கிறமாதிரி கூப்பிட்டாள்.

பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் முழு முகம் இருந்தது.